நாற்பத்தேழாம் எண் கொக்கி

அறுநூற்று நாற்பது மணி நேரத்தில் அறுநூற்று இருபத்தேழே கால் மணி நேரம் முடிந்துவிட்டது. மிச்சம் பன்னிரண்டே முக்கால். அதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கழித்துவிட்டால் மீட்டரம்மாவுக்கு வீடு நிலைக்கும்.

வீடு என்றால் மாளிகை இல்லை. குடிநீர் வாரிய ஊழியர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, சரியாகச் சாத்தாத ஒரு ஜன்னல். அதில் அவளும் மகளும் இருந்தார்கள். இருபத்தாறு வருடம் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்ததற்குக் கிடைத்த வீடு. தரையில் பதித்த இரும்பு மூடியைக் கொக்கி போட்டுத் தூக்குவாள். வலது முட்டியை ஊன்றிக் குனிவாள். துணியால் கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவாள். அவள் பெயர் தெருக்காரர்களுக்குத் தெரியாது. "மீட்டரம்மா வந்துட்டாங்க, நாயப் புடிங்க" என்பார்கள்.

பிறகு வாரியம் மீட்டர்களை மாற்றியது. புது மீட்டர் தன் எண்ணைத் தானே காற்றில் அனுப்பிவிடும், யாரும் போய்ப் பார்க்க வேண்டாம் என்றார்கள். அதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. அப்படி ஒரு சொல்லே வாரியத்தில் கிடையாது. அவளைப் பணிமாற்றத் தயார்நிலை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அறுநூற்று நாற்பது மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். முடிவில், "என் முந்தைய பணி இன்று உலகில் இல்லை; வேறு எந்தப் பணியிலும் நான் இல்லை" என்று எல்லார் முன்னாலும் உறுதிமொழி வாசித்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஓய்வு பெறும் வயது வரை வீடு. இல்லையென்றால் முப்பது நாளில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

மையம் முன்பு சோபா விற்ற கடை. சுவரில் பிய்த்தெடுத்த எழுத்துகளின் தடம் இன்னும் இருந்தது: 'உட்கார்ந்து பாருங்கள்'. அறுபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் விரல்ரேகை இயந்திரம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் விரல் வைக்க வேண்டும். மீட்டரம்மாவின் ரேகை இரும்பு மூடியிலும் குளிர்ந்த தண்ணீரிலும் தேய்ந்துபோயிருந்தது. "மீண்டும் முயலவும்" என்று இயந்திரம் சொல்லும். மூன்று முறை முயன்றும் ஆகாவிட்டால் அந்தக் கால் மணி நேரம் அவள் அங்கே இல்லை என்று பொருள்.

"நான் இங்கதானே நிக்கறேன்?" என்று முதல் நாள் காவலாளியிடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியணுமே," என்றார் அவர்.

பழைய மீட்டரில் கறுப்பு எண்களை எழுதிக்கொண்டு சிவப்பு எண்களை விட்டுவிட வேண்டும். சிவப்பு என்பது சில்லறை லிட்டர். வாரியத்துக்கு அது வேண்டாம். மையத்துக்கு வந்த பிறகுதான் மீட்டரம்மா சிவப்பையும் எண்ணப் பழகினாள்.

கூடத்தின் எதிர்ச்சுவர் முழுக்கத் தேவைப் பலகை. நாட்டுக்கு அந்த வாரம் எந்த வேலைக்கு ஆள் தேவை என்பதை அது அறிவிக்கும். திங்கட்கிழமை பத்து மணிக்கு மணி அடிக்கும், எல்லாரும் எழுந்து நிற்பார்கள், பலகையில் எழுத்து ஓடும், எழுத்தின் நிறத்துக்கு ஏற்பக் கழுத்துப் பட்டை கொடுப்பார்கள். பழைய பட்டையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

முதல் வாரம் டிரோன் ஓட்டுபவர்கள் தேவை என்றது. மையத்தில் டிரோன் இல்லை. பயிற்சியாளர், இருபத்தெட்டு வயதுப் பையன், சட்டையை எப்போதும் உள்ளே செருகியிருப்பவன், கரும்பலகைத் துடைப்பானை மேலே தூக்கி எறிந்தான். அறுபத்திரண்டு பேரும் கட்டைவிரல்களால் அதைத் திசைதிருப்பினார்கள். துடைப்பான் நேராகக் கீழே விழுந்தது. "கவனம் பத்தலை," என்றான் பயிற்சியாளர்.

இரண்டாம் வாரம் முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள் தேவை. வயதில் மூத்தவர் டிக்கெட்டண்ணன். முப்பது வருடம் ஒரு சன்னலுக்குப் பின்னால் டிக்கெட் கொடுத்தவர்; இப்போது அந்த இடத்தில் ஓர் இயந்திரம் நிற்கிறது. அவரை மேசை மேல் படுக்க வைத்து ஐந்து நாள் எல்லாரும் புரட்டினார்கள்.

"நல்ல தேவைம்மா இது," என்றார் அவர் மீட்டரம்மாவிடம், கண்ணைத் திறக்காமல். "இன்னும் ரெண்டு வாரம் இருந்தா என் முதுகு சரியாயிடும்."

ஆனால் நாட்டின் தேவை மாறிவிட்டது. மேகத்தில் கோப்புகளைச் சேமிப்பவர்கள், உணவுப் பொட்டலம் கொண்டுபோகிறவர்கள், புதியன சிந்திப்பவர்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. புதியன சிந்திக்கும் வாரத்தில் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். மாலையில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், எழுதாத தாள்களை மறுபடி பயன்படுத்தலாம் என்று.

பதினோராவது வாரம் பலகையில் 'பயிற்சியாளர்கள்' என்று ஓடியது. அறுபத்திரண்டு பேரும் பயிற்சியாளர் ஆனார்கள். எல்லாரும் எழுந்து நின்றதால் உட்கார ஆள் இல்லை. கடைசியில் பயிற்சியாளரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு அறுபத்திரண்டு பேர் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம் அவனுடைய வகுப்புகளை எல்லாம் படம்பிடித்துவிட்டார்கள். இனி படத்தையே ஓட்டலாம், அவன் வர வேண்டாம் என்றார்கள். அவனையும் நீக்கவில்லை. மறுநாள் அவன் பச்சைப் பட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில், மீட்டரம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். திரையில் அவன் பேசினான். கீழே அவன் குறிப்பெடுத்தான்.

"ஏம்ப்பா, நீ சொன்னதத்தானே எழுதற?" என்று கேட்டாள் மீட்டரம்மா.

"பரீட்சை இருக்காம் ஆன்ட்டி," என்றான். சட்டை வெளியே வந்திருந்தது.

பரீட்சை இருந்தது. நெகிழ்வுத் தேர்வு என்று பெயர். முதல் கேள்வி: 'நீங்கள் எந்த நேரத்தில் வேலை செய்யத் தயார்?' மீட்டரம்மா, 'சொன்ன நேரத்தில்' என்று எழுதினாள். தவறு. சரியான விடை, 'சொல்லாத நேரத்திலும்'. இரண்டாவது கேள்வி: 'உங்கள் வேலை போனதற்கு யார் காரணம்?' நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். நான்கிலும் 'நான்' இருந்தது. அதில் அவளுக்கு முழு மதிப்பெண்.

நெகிழ்வு என்றால் என்னவென்று அவள் வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். மகள் கட்டிலின் ஒரு ஓரத்தை அலுவலகமாக வைத்திருந்தாள். காதில் கருவி மாட்டிக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வாள். அடுத்த வேலை நேரம் என்ன என்று முந்தின நேரம் முடியும்போதுதான் செய்தி வரும். மகள் காலையில் தூங்கலாம், மத்தியானம் பல் விளக்கலாம். அம்மா நடைக்குப் போய்விட்டுக் காலை ஒன்பது மணிக்குத் திரும்பும்போது சில நாள் அவள் விழித்திருப்பாள்.

"நாலரை மணிக்கே எந்திரிச்சுப் போற. எதுக்கும்மா இவ்ளோ நேரம் நடக்கற?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"எல்லா டாக்டரும்தான் சொல்றாங்க."

மகள் கருவியைக் காதிலிருந்து கழற்றினாள். "நடந்தா முட்டி ஏன் ஈரமாகுது?"

"புல்லுல உக்காந்தேன்."

"ஒரே முட்டியிலயா?"

மீட்டரம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். மகளின் கருவியில் யாரோ கூப்பிட்டார்கள். "சொல்லுங்க, உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?" என்று அவள் வேறு குரலில் பேசப் போய்விட்டாள். தப்பித்தோம் என்று மீட்டரம்மா துணிப்பையைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். பையின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காலால் துடைத்தாள்.

பன்னிரண்டே முக்கால் மணி நேரம் மிச்சமிருந்த அந்த நாளில் இயக்குநர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மையத்தில் குளிரூட்டி இருந்த ஒரே அறை அது. சோபாக் கடைக்காரர் விட்டுப்போன கடைசி சோபாவும் அங்கேதான் இருந்தது.

"உக்காருங்கம்மா. ஒரு நல்ல சேதி. நிறைவு விழாவுல உங்களைத்தான் மேடையேத்தப் போறோம்."

"என்னை எதுக்குங்க சார்?"

"நீங்கதான் கடைசி ஆளு. இந்தப் பகுதியோட கடைசி மீட்டர் பார்ப்பாளர். மத்த ரெண்டு பேரும் விருப்ப ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாங்க. கடைசி ஆளுன்னா ஒரு மதிப்பு இருக்கும்மா. நடுவுல போனா யாரும் பாக்க மாட்டாங்க."

"சரிங்க சார்."

"நீங்க கவலைப்படவே கூடாது. பல பேரு தப்பா நினைக்கறாங்க, வேலை போச்சுன்னு. வேலை எங்கயும் போகல. அது உங்ககிட்டேருந்து விடுதலை ஆயிருக்கு. நீங்களும் அதுகிட்டேருந்து விடுதலை ஆகணும். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்." அவர் தன் நாற்காலியை ஒருமுறை சுற்றினார். "என்னையே எடுத்துக்கங்க. இருபது வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகத்துல இருந்தேன். வேலைவாய்ப்பு இல்லன்னு அதை மூடினாங்க. நான் வருத்தப்பட்டேனா? இங்க வந்துட்டேன். ஆளுங்களுக்கு வேலை இல்லாம இருக்கற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

பிறகு விஷயத்துக்கு வந்தார். வாசல் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். அதற்கு 'மறைந்த பணிகள்' என்று பெயர். டிக்கெட்டண்ணனின் துளை போடும் கருவி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

"உங்க கொக்கி வேணும்மா. மூடி தூக்குவீங்களே, அது."

மீட்டரம்மா சோபாவின் நுனிக்கு நகர்ந்தாள்.

"வாரியப் பதிவேட்டுல பாத்தேன். நாப்பத்தேழாம் எண் கொக்கி மட்டும் இன்னும் திரும்பி வரல. உங்ககிட்டத்தானே இருக்கு?"

"வேற ஏதாவது குடுக்கட்டுங்களா சார்? என் டார்ச் இருக்கு. பழைய தொப்பி இருக்கு."

"டார்ச் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. கொக்கிதான் வரலாறு. விழா நாள் கொண்டு வாங்க. முதல்ல கொக்கி, அப்புறம் உறுதிமொழி, அப்புறம் சான்றிதழ். விழா நடக்கற முக்கால் மணி நேரத்தையும் உங்க கணக்குல சேத்துக்கறோம். சரியா அறுநூத்தி நாப்பது வரும். பாத்தீங்களா, எப்படிப் பொருந்துதுன்னு?"

அன்று மாலை மீட்டரம்மா சமையலறையிலிருந்து ஒரு பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டு குடியிருப்பின் பின்பக்கம் போனாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அங்கிருந்த மீட்டர் மூடியின் துளையில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள். கரண்டி வளைந்தது. மறுநாள் ஒரு திருப்புளியால் முயன்றாள். நுனி உடைந்தது. இருபத்தாறு வருடம் அவள் கையைப் பார்த்துப் பழகிய மூடிகள் அந்நிய இரும்புக்கு அசைவதாக இல்லை.

"இந்தக் கரண்டிக்கு என்னம்மா ஆச்சு?"

"பழசு."

"போன மாசம்தானே வாங்கினோம்?"

"இப்பல்லாம் எது உழைக்குது?" என்றாள் மீட்டரம்மா.

மூன்றாம் நாள் வகுப்பு முடிந்து ஓர் இரும்புப் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் கொக்கியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். நுனியின் வளைவை விரலால் தடவினார். காம்பில் 47 என்று கொத்தியிருந்தது.

"நல்ல உருக்கு. இதே மாதிரி ஒண்ணு அடிச்சிடலாம். ஆனா ரெண்டு மாசம் ஆகும்க்கா."

"ரெண்டு மாசமா? ஒரு கொக்கிக்கா?"

"ஆளு இல்லக்கா. என் ஒருத்தன் கை எத்தனை அடிக்கும்? விளம்பரம் குடுத்துப் பாத்தேன், தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி வெச்சேன். இரும்பு அடிக்க ஒருத்தனும் கெடைக்கல. வரிசையில முப்பது வேலை நிக்குது."

மீட்டரம்மா கொக்கியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். முப்பத்திரண்டு வாரம் பலகையைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒருமுறைகூட இரும்பு அடிக்கிறவர் என்று ஓடியதில்லை.

விழா நாளன்று கூடத்தில் நாற்காலி போதவில்லை. அறுபத்திரண்டு பேருக்கும் பின்னால் இன்னும் முப்பத்தொரு பேரை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்துப் பகுதியின் மீட்டர் பார்ப்பவர்கள். அங்கே அடுத்த வாரம் புது மீட்டர் வருகிறது. அதற்கு அடுத்த வாரம் இவர்கள் இந்த நாற்காலிகளுக்கு வருகிறார்கள். பழக்கப்படட்டும் என்று கூட்டி வந்திருந்தார்கள். மேடைக்குப் போகும் வழியில் மீட்டரம்மா அவர்களைப் பார்த்தாள். எல்லாருடைய உடையிலும் வலது முட்டி மட்டும் வெளுத்திருந்தது.

மேடையில் அவள் கைப்பேசி மடியில் ஒருமுறை அதிர்ந்தது. செய்தியைப் பார்த்தாள். 'வணக்கம் பங்காளி, நாளை காலை ஐந்து மணிக்கு' என்று எப்போதும்போல் தொடங்கியது. பாதியில் நிறுத்திப் பைக்குள் போட்டுவிட்டாள். பைக்குள் கொக்கி இருந்தது. அதைத் துடைத்துத்தான் கொண்டு வந்திருந்தாள். இருந்தும் வளைவில் கொஞ்சம் ஈர மண் ஒட்டியிருந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"நண்பர்களே! ஏழு மாதங்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் நாலாயிரத்து இருநூறு மீட்டர்களைப் பார்க்க மனிதர்கள் தேவைப்பட்டார்கள். இன்று ஒருவர்கூடத் தேவையில்லை. மீட்டர் தானே பேசுகிறது. ஒரு நாளைக்கு நூற்று நாற்பது வீதம், மாதம் முழுவதும், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல். நூற்றுக்கு நூறு எண்களும் வந்துவிட்டன. இந்த இயந்திரத்துக்கு ஓய்வு வேண்டாம், விடுப்பு வேண்டாம், முட்டி வலி கிடையாது."

கைதட்டினார்கள்.

"அது எண்ணை மட்டும் அனுப்புவதில்லை. சுற்றிப் பார்க்கிறது, புரிந்துகொள்கிறது, நமக்குக் குறிப்பு அனுப்புகிறது. நான் படிக்கிறேன், கேளுங்கள்." அவர் ஒரு தாளை எடுத்தார். "'மூடி மேல் கார் நிற்கிறது, ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.' இன்னொன்று. 'இந்த வீட்டு நாயைக் கட்டவில்லை, ஆனால் கடிக்காது.' எப்படி? நாயின் மனதை ஒரு கருவி படிக்கிறது!"

"மீட்டருக்கு நாயெல்லாம் தெரியுமா?" என்று முதல் வரிசையில் டிக்கெட்டண்ணன் பயிற்சியாளரைக் கேட்டார். கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. பயிற்சியாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

"இதைக் கேளுங்கள், எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது," என்றார் இயக்குநர். "'முதல் மாடி அம்மா தனியாக இருக்கிறார், இரண்டு நாள் பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கிறது, யாராவது கதவைத் தட்டிப் பார்க்கவும்.' தட்டிப் பார்த்தோம். காய்ச்சலில் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினோம். நண்பர்களே, இருபத்தாறு வருடம் மனிதர்கள் பார்த்தார்கள். அவர்கள் எண்ணைத்தான் எழுதினார்கள். இந்த இயந்திரம் ஏழே மாதத்தில் இரக்கத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது! அதனால்தான் அடுத்த பகுதிக்கும் இதையே கொண்டுபோகிறோம்."

பின்வரிசையில் முப்பத்தொரு பேரும் கைதட்டவில்லை. அவர்களுக்குத் தட்ட வேண்டுமா என்று யாரும் சொல்லவில்லை. மீட்டரம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதல் மாடி அம்மா பிழைத்துவிட்டாள் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. குறிப்பு எழுதியவர்களுக்கு யாரும் பதில் அனுப்புவதில்லை.

மகள் இந்நேரம் கட்டில் ஓரத்தில் யாருக்கோ உதவிக்கொண்டிருப்பாள். அந்தக் கட்டில், அந்தச் சாத்தாத ஜன்னல், அந்த மூன்றாவது மாடி. இன்னும் பதினொரு நிமிடம். சிவப்பு எண்தான் பாக்கி. கொக்கியைக் கொடுத்துவிட்டு இரண்டு வரி வாசித்துவிட்டால் வீடு. நாளைக்கு எதையாவது வைத்து நெம்பிக்கொள்ளலாம். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

இயக்குநர் நீலத் துணி விரித்த தட்டை நீட்டினார். "நாற்பத்தேழாம் எண் கொக்கி," என்று அறிவித்தார். "கடைசியாக அந்த அம்மாவின் கையில் பார்த்துக்கொள்ளுங்கள். இனி இது கண்ணாடிக்குள்தான்."

மீட்டரம்மா பையிலிருந்து கொக்கியை எடுத்தாள். தட்டுக்கு மேலே பிடித்தாள். விரல்கள் காம்பை விடவில்லை. இருபத்தாறு வருடத்தில் காம்பு தேய்ந்து அவள் பிடிக்குத் தோதாகியிருந்தது. எவ்வளவு களைப்பாக இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வைங்கம்மா," என்றார் இயக்குநர் மெதுவாக.

"குடுக்க முடியாதுங்க சார்."

ஒலிபெருக்கி அதைப் பின்வரிசை வரைக்கும் கொண்டுபோனது. இயக்குநர் சிரித்தபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாருங்க, பிரிய மனசு வரல." எல்லாரும் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மீட்டரம்மா கைதட்டல் ஓயும்வரை நின்றாள். மூடியைத் தூக்கினதும் பூச்சிகள் ஓடட்டும் என்று காத்திருப்பாளே, அப்படி.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எனக்கு இது வேணும் சார்," என்றாள். "குழியில தண்ணி ஏறி உங்க புது மீட்டர் ஒண்ணுகூட பேசறதில்ல. மீட்டர் போட்ட காண்ட்ராக்ட்காரங்கதான், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. ஏழு மாசமா அந்த நாலாயிரத்து இருநூறையும் தினம் நூத்தி நாப்பதா முட்டி போட்டு நான்தான் பாத்து அனுப்பறேன்."